பாட்டு கேட்க ஒரு காம்பரா

புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன் வெறும் அறைக்குள் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் இழுபடும். அப்புறம் வெளியே போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அதே மாதிரித் தட்டுங்கள். வால் இருக்காது. தட்டியதோடு சத்தம் முடிந்துவிடும். கையும் அதுதான், தட்டிய வேகமும் அதுதான். இடம்தான் மாறியிருக்கிறது.

நல்ல ஸ்பீக்கர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்த அம்ப்ளிபயர், எத்தனை வாட், எந்த வயர் என்று கேட்டுக்கேட்டுப் பணம் சேர்க்கிறார்கள். அதையெல்லாம் கொண்டுபோய் வைக்கப்போகும் அறையைப் பற்றி ஒரு நாள்கூட யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெரிய ஸ்பீக்கர் வாங்கி வந்து வைத்த பிறகு, கடையில் கேட்ட ஒலி வீட்டில் இல்லை என்று மனம் நொந்து போனேன். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்கவில்லை. நம் காதுக்கு வரும் ஒலியில் ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒரு பங்குதான். மிச்சம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. அந்த மிச்சத்தை உண்டாக்குவது அறை. ஆகவே பாட்டுக் கேட்கும் அறையும் ஒரு வாத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிச் சுருதி சேர்ப்பது என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப்போகிறேன்.

மலை திருப்பிச் சொல்வதும் சுவர் திருப்பிச் சொல்வதும்

சின்ன வயதில் பள்ளத்தாக்கைப் பார்த்து ‘ஓய்’ என்று கத்தாதவர் மலையகத்தில் இருக்க முடியாது. எதிர்ப்பக்கத்துப் பாறை அதே ‘ஓய்’யைத் திருப்பிச் சொல்லும். நம்ம ஊர்க் குளிரில், ஏறத்தாழ 15 பாகையில், ஒலி ஒரு விநாடியில் 340 மீட்டர் ஓடும். எதிரொலி இரண்டு விநாடி கழித்து வந்தால் பாறை 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. ஒலி போகவேண்டும், திரும்பியும் வரவேண்டும் அல்லவா.

அறைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. தூரம் மட்டும் குறைவு. ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஒலி பக்கச் சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வர, நேர்வழியை விட ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று வையுங்கள். அது வந்து சேர 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் பிந்தும். பாறையிலிருந்து வரும் எதிரொலியைத் தனியாகக் கேட்கும் காது, இவ்வளவு சீக்கிரம் வரும் ஒலியைத் தனியாகப் பிரிப்பதில்லை. முதலில் வந்த ஒலியோடு சேர்த்துவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜேர்மானியர் 1949இல் தன் ஆய்வில் இதை விளக்கினார். சுமார் 30 மில்லி விநாடிக்குள் வரும் எதிரொலி, முதல் ஒலியோடு கலந்து ஒரே ஒலியாகக் கேட்கும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் முதலில் வந்ததை வைத்தே மூளை முடிவு செய்யும்.

கலந்துவிடுகிறது என்பதற்காக அது கெடுக்காமல் விடுவதில்லை. இரண்டு ஸ்பீக்கரை வைத்து, பாடுகிறவர் நடுவில் நிற்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதுதான் ஸ்டீரியோ. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கோரினார். இரண்டு காதுக்கும் வரும் ஒலிகளுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தை நம்பியே அந்தத் தோற்றம் நிற்கிறது. பக்கச் சுவரிலிருந்து பலமான எதிரொலி சேர்ந்தால் அந்தத் தோற்றம் கலங்கும். குரல் நடுவில் நில்லாமல் பரவிப் போகும். சொல்லின் விளிம்பு மழுங்கும்.

அந்த எதிரொலி சுவரில் எந்த இடத்தில் படுகிறது என்று கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒட்டி, உங்கள் காது உயரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரட்டும். கண்ணாடியில் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு ஸ்பீக்கருக்கும், இரண்டு பக்கச் சுவரிலும் இப்படிச் செய்யுங்கள். முடிந்தால் கூரையிலும். முதலில் பஞ்சோ துணியோ தேவைப்படுவது அந்தப் புள்ளிகளில்தான். அறை முழுக்க ஒட்டவேண்டியதில்லை.

மெத்தை சொன்ன பாடம்

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தது. அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து மேலே விழுந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினார். ஓர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து ஒரு எளிய கணக்குப் பிறந்தது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். அளவெல்லாம் மீட்டரில்.

நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 60. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 94 சதுர மீட்டர். சீமெந்து பூசிய சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கைத்தான் உறிஞ்சும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் உறிஞ்சும் பரப்பு 3 சதுர மீட்டர்கூட இல்லை. கணக்கின்படி சத்தம் அடங்க 3 விநாடிக்கு மேலாகும். வீட்டில் பாட்டுக் கேட்க ஏறக்குறைய 0.3 முதல் 0.5 விநாடி இருந்தால் நல்லது. 0.4க்குக் கொண்டுவர 24 சதுர மீட்டர் வேண்டும். மெத்தை வைத்த சோபா, தரையில் கார்பட், கனத்த திரைச்சீலை, துணி அலுமாரி, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் இதில் சேரும். பாதித் தூரத்தை வீட்டுச் சாமான்களே கடந்துவிடும். மீதிக்குத்தான் தனியாக ஏதாவது செய்யவேண்டும்.

அந்த மீதிக்கு நம் நாட்டிலேயே அருமையான பொருள் இருக்கிறது: தேங்காய்த் தும்பு. தும்பு மெத்தை செய்ய அழுத்தி எடுக்கும் தட்டையை நான்கு அங்குலத் தடிப்பில் வாங்கி, மரச் சட்டத்துக்குள் வைத்து, முன்பக்கம் காற்றுப் போகும் துணியால் மூடினால் நல்ல ஒலி உறிஞ்சும் பலகை தயார். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் மூச்சு வந்தால் சரியான துணி. பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி வேண்டாம். கண்ணாடிப் பஞ்சு, பாறைப் பஞ்சு இரண்டும் நன்றாக வேலை செய்யும், விலையும் கூடும். அவற்றைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

பலகையைச் சுவரோடு ஒட்ட வேண்டாம், நான்கு அங்குலம் விட்டு மாட்டுங்கள். இதில் இரண்டு நன்மை. சுவரோடு ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதில்லை. சுவரை விட்டு விலகிய இடத்தில்தான் அசைவு அதிகம், பஞ்சு உறிஞ்சுவதும் அந்த அசைவைத்தான். இடைவெளி விட்டால் அதே பஞ்சு இன்னும் கீழான சுருதி வரைக்கும் வேலை செய்யும். இரண்டாவது நன்மை நம் ஊருக்கே உரியது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்க்கும். ஒட்டி வைத்த தும்பு ஒரு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கிவிடும். இடைவெளியில் காற்று ஓடினால் தப்பும்.

முட்டை வைக்கும் காகிதத் தட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அது மெல்லிய காகிதம். கீச்சென்ற மேல் சுருதியில் கொஞ்சம் மாற்றம் செய்யும், கீழே எதையும் தொடாது. நெருப்புப் பிடித்தால் ஆபத்து வேறு. அதற்குச் செலவிடும் உழைப்பைத் தும்புக்குக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் உறிஞ்சிவிடவும் கூடாது. கம்பளிக்குள் தலையை மூடிக்கொண்டு கேட்பது போல ஆகிவிடும். உட்காரும் இடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒலியைச் சிதறவிடலாம். மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970களில் எண் கணிதத்தை வைத்து, வெவ்வேறு ஆழமுள்ள பள்ளங்கள் வரிசையாக அமைந்த பலகையைக் கண்டார். ஏழு பள்ளம் என்றால் ஆழங்கள் 0, 1, 4, 2, 2, 4, 1 என்ற விகிதத்தில் வரும். நல்ல மரவேலை பாஸ் ஒருவருக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் செய்துவிடுவார். அதற்கும் வசதி இல்லையா, ஒரே நேர்வரிசையில் அடுக்காமல் முன்னும் பின்னுமாக அடுக்கிய புத்தக அலுமாரி ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்யும்.

பத்துக்குப் பன்னிரண்டு

இனி வருவதுதான் கடினமான பகுதி, ஆனால் இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் லயன் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், அளவு 10 அடிக்கு 12 அடி என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு என்று அளந்து கொடுத்த அளவு. இன்று ஊரில் புதிதாகக் கட்டும் வீடுகளிலும் ஓர் அறை என்றால் கை தானாகப் பத்துக்குப் பன்னிரண்டு என்றே போடுகிறது. அந்த அறையை எடுத்துக்கொள்வோம்.

ஒலி என்பது அலை. உயர்ந்த சுருதிக்கு அலை குட்டை, தாழ்ந்த சுருதிக்கு அலை நீளம். ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கையே ஹெர்ட்ஸ். 20,000 ஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 1.7 சென்றி மீட்டர். 20 ஹெர்ட்ஸ் என்றால் 17 மீட்டர், ஒரு பஸ்ஸைவிட நீளம். இவ்வளவு பெரிய அலை பன்னிரண்டடி அறைக்குள் எப்படி அடங்கும்? சுவருக்குச் சுவர் முட்டி மோதும். சில சுருதிகளில் போகும் அலையும் திரும்பும் அலையும் சரியாகப் பொருந்தி, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒன்றையொன்று வளர்த்துவிடும். அறையின் நீளம் அலையின் சரிபாதியாக இருக்கும்போது முதல் தடவை இது நடக்கிறது.

கணக்கு: 340ஐ நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர். 340ஐ 7.32ஆல் வகுத்தால் 46 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் இதே கூத்து நடக்கும். பேஸ் கிட்டாரில் ஒரு கம்பியைச் சும்மா விட்டு மீட்டினால் 55 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே உள்ள கடைசிக் கம்பி 41. அப்படியானால் நம் காம்பராவில் அந்த 55 மட்டும் ‘பூம்’ என்று வீங்கும், 41 பாவம் போல அடங்கிக் கேட்கும். இசைத்தவர் இரண்டையும் ஒரே பலத்தில்தான் மீட்டினார். ‘பேஸ் ரொம்ப அடிக்குது’ என்று சொல்கிறவரும், ‘பேஸே இல்லை’ என்று சொல்கிறவரும் பெரும்பாலும் ஒரே அறையில் வெவ்வேறு கதிரையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

ஏனென்றால் இந்த வீக்கம் அறை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுவரோரம் உச்சம், மூலைகளில் அதைவிட உச்சம். நீளத்தின் சரிநடுவில் அந்த முதல் சுருதி காணாமல் போய்விடும். இதனால்தான் அறையின் நட்டநடுவில் கதிரை போடக் கூடாது என்கிறோம். பின்சுவரில் முதுகு சாய்த்தும் உட்காரக் கூடாது. நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு தள்ளி உட்காருவது நல்ல தொடக்கம் என்பது அனுபவக்காரர்கள் கைக்கொள்ளும் வழக்கம். முடிவு உங்கள் காதுடையது.

பத்துக்குப் பன்னிரண்டில் இதை வைத்துப் பார்ப்போம். 10 அடிச் சுவரை முன்சுவராக வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்கள் நீளவாட்டில் பார்க்கட்டும். பின்சுவரிலிருந்து நாலரை அடியில் உங்கள் தலை. முன்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஸ்பீக்கர்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஆறடிக்குச் சற்றுக் குறைவு. இப்போது உங்கள் தலையும் இரண்டு ஸ்பீக்கரும் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணத்தின் முனைகள். பக்கச் சுவருக்கு இருபுறமும் இரண்டடி மிச்சம். இந்தச் சின்ன அறையிலேயே சரியான ஸ்டீரியோ கிடைக்கிறது என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம். பெரிய பங்களா வேண்டும் என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. அறை சின்னதென்றால் ஸ்பீக்கரும் சின்னதாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதுர அறை கட்டாதீர்கள். நீளமும் அகலமும் ஒன்றானால் இரண்டு வீக்கமும் ஒரே சுருதியில் விழுந்து இரட்டிக்கும். உயரமும் அதே அளவானால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஓர் அடி, ஒன்றரை அடி மாற்றி அத்திவாரம் போட மேசன் பாஸுக்கு ஒரு சிரமமும் இல்லை. கட்டிய பிறகு மாற்ற முடியாது.

ஏற்கெனவே கட்டிய அறையில் மூலைகள்தான் நம் ஆயுதம். வீக்கம் எல்லாம் அங்கே கூடுவதால், தரையிலிருந்து கூரை வரை மூலையை அடைத்துத் தும்பை அடர்த்தியாக நிரப்பினால் பேஸ் ஒழுங்குக்கு வரும். மெல்லிய ஸ்பஞ்ச் இங்கே பலன் தராது. 100 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே 85 சென்றி மீட்டர், இரண்டங்குலப் பஞ்சு அதை எப்படிப் பிடிக்கும்?

பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப் வூஃபர் வைத்திருந்தால் இன்னொரு தந்திரம் இருக்கிறது. அதைத் தூக்கி உங்கள் கதிரையில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தரையாகச் சுவரோரம் நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப் வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் கதிரைக்குத் திரும்புங்கள். ஒலி போகும் பாதையைத் திருப்பிப் போட்டாலும் பலன் ஒன்றே என்பதால் இது வேலை செய்கிறது.

மழை, சுவர், பக்கத்து வீடு

தகரத்துக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு மழையின் சத்தம் எப்படி என்று சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் பேசுவதே கேட்காது. துளி நேராகத் தகட்டை அடித்து அதிரவைக்கிறது, அந்த அதிர்வு கீழே சத்தமாக இறங்குகிறது. இதைக் குறைக்க வழி, கூரைக்கும் காதுக்கும் நடுவே கனமும் இடைவெளியும் வைப்பது. கூரை மரத்தோடு நேராகப் பிணைக்காமல், தனிச் சட்டத்தில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை சீலிங். அதற்கு மேல் பாறைப் பஞ்சு. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதில் துளையிடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

என்ன செய்தாலும் அடைமழையில் மெல்லிய வீணை நாதம் தோற்கும். அதற்கேற்ப நாளை வகுத்துக்கொள்வதுதான் நல்லது. தென்மேற்குப் பருவம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நனைந்துகொண்டிருக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று. அங்கே தேயிலைக்குத் தரமான பருவமும் அதுதான். திம்புலப் பக்கத்துக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்துக்கு வாசம் கூடும் மாதங்கள்தான் அந்தந்தப் பக்கத்தில் காதுக்கும் நல்ல மாதங்கள்.

உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போவதும் பெரிய விஷயம். லயத்தில் ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குப் பொது. அடுத்த காம்பராவில் விடியற்காலை மலைக்குப் போகவேண்டியவர்கள் தூங்குகிறார்கள். சுவரில் ஒட்டும் தும்புப் பலகை இதற்கு உதவாது. அது அறைக்குள் சுற்றும் எதிரொலியை அடக்குமே தவிர, சத்தம் சுவரைக் கடப்பதை நிறுத்தாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காசைக் கரைக்கிறார்கள். கடப்பதை நிறுத்தக் கனம் வேண்டும், அதற்கும் முன்னால் ஓட்டை அடைபட வேண்டும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபெலுக்கு (சத்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) மேல் தடுக்க முடியாது. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள திறப்பு, காற்றுக்கு விட்ட பூக்கல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். லயத்தில் சில சுவர்கள் கூரை வரை எழும்புவதே இல்லை. அங்கே நல்ல ஹெட்போன்தான் நியாயமான வழி என்று நினைக்கிறேன். ஒருவருடைய இசை இன்னொருவருடைய தூக்கத்தைத் தின்னக் கூடாது.

பழைய தோட்டத்து பங்களாக்களுக்கு வேறு குணம். உயர்ந்த பலகைச் சீலிங், பலகைத் தரை, கணப்பு அடுப்பு. மெல்லிய பலகை பேஸ் அலையோடு சேர்ந்து அசைந்து அதைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால், அந்த அறைகளில் பேஸ் பெரும்பாலும் இதமாக இருக்கும். ஆனால் பலகைத் தரையில் நேராக வைத்த ஸ்பீக்கர் தரையையே ஆட்டும். கனத்த கருங்கல் பலகை ஒன்றைக் கீழே ரப்பர் வைத்து இட்டு, அதன்மேல் ஸ்பீக்கரை நிறுத்துங்கள். பள்ளத்தாக்கைப் பார்க்கும் பெரிய கண்ணாடி யன்னல் இருந்தால் மனம் அதற்கு முன்னால்தான் ஸ்பீக்கர் வைக்கச் சொல்லும். கண்ணாடி ஒலியைத் திருப்பி எறியும். பாட்டு நேரத்தில் மட்டும் இழுத்து மூடும் கனத்த திரை போடுங்கள். மலையைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரமும் இடியும்

காமன் கூத்துக்கு முன்னால் தப்பை வைக்கோல் நெருப்பில் காய்ச்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடுபனியில் தோல் ஈரத்தைக் குடித்துத் தளரும், சூடு காட்டினால் இறுகி ‘கணீர்’ என்று பேசும். ஸ்பீக்கருக்கும் இந்த ஈரம் ஆகாது. கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பஞ்ச் வளையம் காலப்போக்கில் பொடிந்து உதிரும். வாங்கும்போதே ரப்பர் வளையமுள்ளதைக் கேளுங்கள். அழுத்திய மரத்தூள் பெட்டி தரை ஈரத்தில் ஊதிப் போகும் என்பதால் தரையில் வைக்காமல் நிலையில் வையுங்கள். இசைத்தட்டுகளை நிமிர்த்தி, நெருக்காமல், வெளிச்சுவரை விட்டு விலக்கி அடுக்குங்கள். வாரத்தில் சில தடவையாவது கருவிகளை ஓடவிடுங்கள், அந்தச் சூடே உள்ளேயிருக்கும் ஈரத்தை விரட்டும்.

மின்னல் அதைவிடக் கொடியது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பின் இடி வரும். தொலைவில் உறுமத் தொடங்கியதுமே பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அன்டெனா வயரையும் கழற்றவேண்டும். மின்பாய்ச்சல் தடுப்பான் வைத்திருப்பவர்கள், வீட்டு எர்த் உண்மையிலேயே நிலத்தில் இறங்கியிருக்கிறதா என்று தகுதியான எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில் அந்தத் தடுப்பானை நம்பமுடியாது.

நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கவைப்பது

அறை தயாரானதும் யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். நம்மூரில் இந்த ஆசைக்கு வேர் ஆழம். ஒரு வீட்டில் வால்வ் ரேடியோ இருந்தால் அந்த லயமே இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது பாட்டைவிட, பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

காட்டுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, சத்தத்தைக் கூட்டி வைத்துத் தொடங்குவது. கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எதுவும் நல்லதாகவே தோன்றும், அது காதின் இயல்பு. இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் காட்டுவதானால் போனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கி, கதிரையில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே காட்டுங்கள். இல்லாவிட்டால் நல்லது எது என்று தெரியாமல், பலமாகக் கத்தியது எது என்பதே தெரியவரும். காதின் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினாலே அந்த நேரம் பாதியாகக் குறையும்.

முதலில் தனிக் குரல் போடுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் சரியாகத் தீர்ப்புச் சொல்வார். எடிசனின் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டு காலம் ஊர் ஊராக இதைத்தான் செய்தது. மேடையில் பாடகரை நிறுத்தி, அவருடைய இசைத்தட்டையும் பக்கத்தில் ஓடவிட்டு, எது ஆள் எது தட்டு என்று கேட்டது. நீங்களும் செய்யலாம். வந்திருப்பவர்களில் ஒருவரை, அவர் சின்னம்மாவோ தம்பியோ, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நிற்கவைத்து, நல்ல மைக்கில் ஒரு தாலாட்டோ தெம்மாங்கோ பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். அதை அறைக்குள் போட்டு, அவரையே நடுவில் நிற்கவைத்து மறுபடி பாடச் சொல்லுங்கள். அறையில் மிச்சமிருக்கும் குறை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரியான இடம் ஒன்றுதான் என்பதால் ஆளுக்கொரு பாட்டு என்று கதிரையை மாற்றிக் கொடுங்கள். மற்றவர்கள் பின்னால் அமைதியாக இருக்கட்டும். விலையைச் சொல்லாதீர்கள், எந்த நாட்டுத் தயாரிப்பு என்றும் முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் காது விலையைக் கேட்கத் தொடங்கிவிடும். லைட்டைக் கொஞ்சம் குறையுங்கள். அப்புறம் அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு அதைப் போடுங்கள், உங்களுக்குப் பிடித்தது பிறகு. பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். கதிரையில் இருப்பவர் தானாக வாய் திறக்கும் வரை விடுங்கள். தேத்தண்ணி அதற்குள் ஆறினால் ஆறட்டும்.